பன்னாட்டு நிறுவன வரி ஆய்வுகளும் வெப்பப் பரிமாற்ற ஆய்வுகளும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பின்னணியில் ஒரு மதிப்பீடு

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரம் சென்னைக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய இடங்களில் உள்ள சிப்காட் தொழிற்பூங்காக்கள் இதன் முதுகெலும்பு. 1998இல் ஹூண்டாய் இங்கு கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும், 2010இல் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் வணிக வாகன ஆலையும் தொடர்ந்தன. வெளிநாட்டுத் தாய் நிறுவனங்களின் கிளைகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த பகுதிகள் இந்தியாவில் அதிகம் இல்லை.

இந்த ஆலைகளைப் புரிந்துகொள்ள உதவும் கல்வித்துறை ஆய்வுகளில் இரண்டு வகைகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, பொறியியலின் வெப்பப் பரிமாற்ற ஆய்வு. மற்றொன்று, பொருளியலிலும் சட்டத்திலும் வளர்ந்துள்ள பன்னாட்டு நிறுவன வரி ஆய்வு. இரண்டுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. வெப்பம் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து அதை ஊகித்து அறிய வேண்டும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இலாபம் நகர்வதையும் நேரடியாகப் பார்க்க முடியாது; வரி விகித வேறுபாட்டையும் கணக்கேடுகளையும் கொண்டே ஊகிக்க வேண்டும். ஆனால் ஊகத்தைச் சரிபார்க்கும் முறையில் இரு துறைகளும் பெரிதும் வேறுபடுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த மிகப்பெரிய வரி வழக்கான நோக்கியா வழக்கை வைத்துப் பார்க்கும்போது அந்த வேறுபாடு தெளிவாகிறது.

இரு துறைகளின் அடிப்படை

வெப்பப் பரிமாற்றம் என்பது வெப்பநிலை வேறுபாட்டால் ஆற்றல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்வது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என மூன்று வழிகளில் இது நிகழ்கிறது. கடத்தலுக்கான கணித அடிப்படையை பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் அமைத்தார். சலனத்தைக் கணக்கிட எளிய சமன்பாடு ஒன்று பயன்படுகிறது: செல்லும் வெப்பத்தின் அளவு, பரப்பு, வெப்பநிலை வேறுபாடு, வெப்பப் பரிமாற்றக் கெழு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். கண்ணாடி உருக்கும் உலை, காரின் ரேடியேட்டர், வண்ணப்பூச்சு உலர்த்தும் அடுப்பு, குளிர்சாதனக் கருவி என இந்த வட்டாரத்தின் ஆலைகளில் இக்கணக்கு இல்லாத இடம் குறைவு. குளிரூட்டல் தொழில்நுட்பத்தில் பெயர்பெற்ற டான்ஃபாஸ் நிறுவனத்தின் இந்திய வளாகம் ஒரகடத்தில்தான் உள்ளது.

பன்னாட்டு நிறுவன வரி ஆய்வின் மையத்தில் இருப்பது பரிமாற்ற விலை. ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரு நிறுவனங்கள் தமக்குள் பொருளையோ சேவையையோ தொழில்நுட்பத்தையோ விற்கும்போது இடும் விலை அது. ஒரகடத்தில் உள்ள கிளை, ஐரோப்பாவில் உள்ள தாய் நிறுவனத்துக்கு எவ்வளவு உரிமத்தொகை தருகிறது என்பதைப் பொறுத்து இலாபம் எந்த நாட்டில் தோன்றும் என்பது மாறுகிறது. தொடர்பில்லாத இரு நிறுவனங்கள் பேரம் பேசினால் என்ன விலை அமையுமோ அதையே இங்கும் கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. இந்திய வருமான வரிச் சட்டத்தில் இதற்கான விரிவான விதிகள் 2001இல் சேர்க்கப்பட்டன.

இத்துறையின் அளவியல் ஆய்வுகளுக்கு வழிகாட்டியது ஹைன்ஸ், ரைஸ் இருவரும் 1994இல் வெளியிட்ட கட்டுரை. ஒரு கிளை ஈட்டும் இலாபத்தை அதன் மூலதனம், உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு விளக்க முயல வேண்டும். அதற்குமேல் வரி விகிதத்தோடு சேர்ந்து மாறும் பகுதி இருந்தால் அது இடம் மாற்றப்பட்ட இலாபம் எனக் கொள்ளலாம் என்பது அவர்களின் வழி. வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தைத் தள்ளுவதுபோல் வரி விகித வேறுபாடு இலாபத்தைத் தள்ளுகிறது என்பதே இதன் உட்பொருள்.

கெழு மாறாத எண் அல்ல

வெப்பப் பரிமாற்றம் படிக்கும் மாணவர் முதலில் கற்கும் எச்சரிக்கை, சலனக் கெழு ஒரு பொருளின் நிலையான பண்பு அல்ல என்பது. அசைவற்ற அறைக்காற்றில் அது சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, 5 முதல் 25 வாட் அளவில் இருக்கும். குழாயில் வேகமாக ஓடும் நீரில் பல ஆயிரங்களைத் தொடும். பாய்வின் வேகம், வடிவம், மேற்பரப்பு எல்லாம் அதை மாற்றும். எனவே பாடநூல்கள் ஒவ்வொரு சூத்திரத்தோடும் அதன் செல்லுபடி எல்லையைச் சொல்கின்றன. 1930இல் வந்த டிட்டஸ் – போல்ட்டர் சூத்திரத்தைத் தரும் பாடநூல், ரெனால்ட்ஸ் எண் 10,000க்கு மேல் இருக்க வேண்டும் என்பதையும், பிழை 25% வரை போகலாம் என்பதையும் அதே பக்கத்தில் தருகிறது.

வரி ஆய்விலும் இதற்கு இணையான ஓர் எண் உண்டு. வரி விகிதம் ஒரு புள்ளி கூடினால் கணக்கில் காட்டப்படும் இலாபம் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதே அது. ஹெக்கமையர், ஓவரெஷ் ஆகியோர் முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட கட்டுரை இதை ஏறத்தாழ 0.8 என மதிப்பிட்டது. அதாவது வரி விகித வேறுபாடு 10 புள்ளி என்றால் இலாபம் சுமார் 8% குறையும். அதே ஆண்டில் டவுட், லேண்டஃபெல்ட், மூர் ஆகியோர் அமெரிக்க நிறுவனங்களின் வரிப் படிவங்களை ஆராய்ந்து, இந்த எண் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை என்று காட்டினர். வரி மிகக் குறைந்த நாடுகளில் சிறிய வேறுபாடும் பெரிய நகர்வைத் தூண்டுகிறது. வரி அதிகமுள்ள நாடுகளுக்கிடையே அதே வேறுபாடு சிறிய விளைவையே தருகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு இத்துறைக்குப் பெருமை சேர்ப்பது. ஆயினும் கொள்கை விவாதங்களில் பயன்படுத்தப்படும்போது அந்த எல்லைகள் உதிர்ந்துவிடுகின்றன. பணக்கார நாடுகளின் தரவிலிருந்து பெற்ற கெழு, வரிச் சலுகைகளும் நீண்ட வழக்குகளும் நிறைந்த ஒரு நாட்டுக்கு அப்படியே பொருத்தப்படுகிறது. நீருக்கான சூத்திரத்தைக் காற்றுக்குப் போட்டுப் பார்க்கும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்காது. வரி ஆய்வில் அதே பிழையைத் தடுக்கும் வழக்கம் இன்னும் உறுதிப்படவில்லை.

நோக்கியா வழக்கு

ஸ்ரீபெரும்புதூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இயங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களையும் பிற மாவட்டங்களையும் சேர்ந்த இளம்பெண்கள் அங்கு பெருமளவில் பணியாற்றினர். 2013 ஜனவரியில் வருமான வரித்துறை ஆலையில் சோதனை நடத்தியது. மார்ச்சில் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டு அறிவிப்பு வந்தது. கைப்பேசியில் ஏற்றப்படும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் உரிமத்தொகை என்றும், அதை அனுப்பும்போதே மூலத்தில் வரி பிடித்திருக்க வேண்டும் என்றும் துறை வாதிட்டது. நிறுவனம் அதை மறுத்தது.

2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போவதாக அறிவிப்பு வெளியானது. அதே மாதம் இந்தியாவிலுள்ள சொத்துக்களை வரித்துறை முடக்கியது. டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு முடக்கத்தை நீக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது. இதற்கிடையே, ஏற்றுமதி எனக் காட்டப்பட்ட கைப்பேசிகள் குறித்து மாநில வணிகவரித்துறையும் சுமார் 2,400 கோடி ரூபாய் மதிப்புக் கூட்டு வரி கோரியது. 2014 ஏப்ரல் 25 அன்று விற்பனை நிறைவேறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் கைப்பேசி செய்து கொடுத்த ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது.

மத்திய வரி தொடர்பான பிணக்கு 2018இல் முடிந்தது. இந்தியா, பின்லாந்து ஆகிய இரு நாடுகளின் வரி அதிகாரிகள் பேசித் தீர்க்கும் நடைமுறையின்கீழ் நோக்கியா 20.2 கோடி யூரோ செலுத்த ஒப்புக்கொண்டது. ஆலைக் கட்டடத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019இல் அறிவிக்கப்பட்டது.

ஆய்வுகள் காணத் தவறியவை

இவ்வழக்கை ஹைன்ஸ் – ரைஸ் வழியில் வந்த ஆய்வுகளைக் கொண்டு விளக்க முயன்றால் மூன்று இடங்களில் இடறுகிறது.

முதலாவது, சரிவின் திசை. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இயங்கும் அலகின் ஏற்றுமதி இலாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழு விலக்கும், அடுத்த 5 ஆண்டுகள் பாதி விலக்கும் தரும் சட்டப்பிரிவு இந்தியாவில் இருந்தது. 2011க்குப் பிறகு குறைந்தபட்ச மாற்று வரி அந்தச் சலுகையைச் சற்றுக் குறைத்தது. பின்லாந்தின் நிறுவன வரி 2013இல் 24.5%. ஏற்றுமதி இலாபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இத்தகைய மண்டலத்திலிருந்து பின்லாந்துக்கு இலாபத்தை நகர்த்துவது வரியைக் கூட்டவே செய்யும். சட்டப் புத்தகத்தில் உள்ள 30% சொச்சம் என்ற பொது விகிதத்தை மட்டும் சமன்பாட்டில் இடும் ஆய்வு இந்த இடத்தில் சரிவைத் தலைகீழாகக் காட்டும்.

இரண்டாவது, வரையறை. நோக்கியா வழக்கின் மையக் கேள்வி விலை சரியா என்பது அல்ல. மென்பொருளுக்குத் தந்த பணத்தின் பெயர் என்ன என்பது. பொருளின் விலை என்றால் இங்கு வரி பிடிக்கத் தேவையில்லை. உரிமத்தொகை என்றால் பிடிக்க வேண்டும். மூலத்தில் பிடிக்கும் வரி மொத்தத் தொகையின்மீது விழுகிறது, இலாபத்தின்மீது அல்ல. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். 100 ரூபாய் பெறும் நிறுவனத்துக்கு அதை உருவாக்க 90 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 10% பிடித்தம் என்பது அதன் இலாபம் முழுவதற்கும் சமம். இலாபத்தை மட்டுமே அளக்கும் ஆய்வின் கண்ணில் இந்த வரி படுவதில்லை.

வரையறையும் நிலையாக நிற்கவில்லை. 2012 நிதிச் சட்டம், கணினி மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையும் உரிமத்தொகைக்குள் அடங்கும் என்ற விளக்கத்தை முன்தேதியிட்டுச் சேர்த்தது. 2021 மார்ச் 2 அன்று, எஞ்சினீரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்செலன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துவோரும் மறுவிற்பனை செய்வோரும் தரும் பணம் வரி ஒப்பந்தங்களின்படி உரிமத்தொகை ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆலையில் உற்பத்தியின்போது ஏற்றப்படும் மென்பொருள் பற்றிய நோக்கியா வழக்கு அத்தீர்ப்பின் வகைகளுக்குள் முழுமையாக அடங்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் துறையின் வாதத்துக்கு அடித்தளமாக இருந்த பரந்த விளக்கம் அந்தத் தீர்ப்போடு வலுவிழந்தது. அப்போது ஆலை நின்று 6 ஆண்டுகள் கடந்திருந்தன.

மூன்றாவது, எதிர்த்திசை ஓட்டம். அரசிடமிருந்து நிறுவனத்துக்குச் செல்லும் சலுகைகளும் வரிக்கணக்கின் பகுதியே. ஒரகடம் ஆலைக்காக 2008இல் செய்த ஒப்பந்தப்படி தமிழ்நாடு அரசு தரவேண்டிய ஊக்கத்தொகை நிலுவையில் இருப்பதாகக் கூறி, நிசான் நிறுவனம் இந்தியா – ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் நடுவர் மன்றத்தை நாடியது. கோரிய தொகை, இழப்பீடும் சேர்த்து, 5,000 கோடி ரூபாயை எட்டியது. பிணக்கு 2020இல் சமரசத்தில் முடிந்தது. செலுத்திய வரியை ஒரு நூலிலும் பெற்ற சலுகையை இன்னொரு நூலிலும் படிக்கும் நிலை இருக்கும்வரை, ஒரு ஆலை ஒரு மாநிலத்துக்கு நிகரமாக என்ன தந்தது என்ற எளிய கேள்விக்கு விடை கிடைக்காது.

கணக்கு முடிய வேண்டும்

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இரட்டைக் குழாய் வெப்பப் பரிமாற்றியைச் சோதிக்கும் மாணவர், சூடான நீர் இழந்த வெப்பத்தையும் குளிர்ந்த நீர் பெற்ற வெப்பத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவராவிட்டால், வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அல்லது சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வரி ஆய்வில் இத்தகைய சரிபார்ப்பு கடினம். டோர்ஸ்லோவ், வீர், ஸூக்மன் ஆகியோர் 2015ஆம் ஆண்டுக்கான உலகப் பன்னாட்டு இலாபத்தில் சுமார் 36% வரிப் புகலிடங்களுக்கு நகர்ந்தது என மதிப்பிட்டனர். ஒரு நாடு இழந்ததையும் இன்னொரு நாடு பெற்றதையும் ஒரே சட்டகத்தில் வைக்க முயன்றது அந்த ஆய்வின் சிறப்பு. மறுபுறம் ப்ளூவின், ராபின்சன் இருவரும், பலரும் பயன்படுத்திய அமெரிக்கத் தரவில் ஒரே வருமானம் இருமுறை எண்ணப்பட்டுள்ளது என்று சுட்டினர். அதைத் திருத்தினால், இழந்த நிறுவன வரி 30–45% என்ற ஒரு மதிப்பீடு 4–8% ஆகக் குறைகிறது என்பது அவர்களின் முடிவு. இதை மறுத்தும் கட்டுரைகள் வந்துள்ளன. ஒரே துறையின் தேர்ந்த ஆய்வாளர்கள் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடும்போது, அந்த எண்களில் ஒன்றை மட்டும் எடுத்து மேடையில் பேசுவது நியாயமாகாது.

வெப்பப் பரிமாற்றத் துறையும் இத்தகைய நெருக்கடியைக் கடந்தது. 1995இல் சோய் முன்வைத்த நானோ திரவக் கருத்து பெரும் ஆர்வத்தைக் கிளப்பியது. திரவத்தில் மிக நுண்ணிய துகள்களைக் கலந்தால் அதன் வெப்பக் கடத்துதிறன் வழக்கமான கோட்பாடு சொல்வதைவிட மிக அதிகமாகும் என்று பல கட்டுரைகள் கூறின. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கல்பாக்கம் ஆய்வு மையத்திலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணிகள் நடந்தன. முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், 30க்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்களுக்கு ஒரே மாதிரித் திரவங்கள் அனுப்பப்பட்டன. 2009இல் வெளியான கூட்டறிக்கை, சோதித்த திரவங்களில் அசாதாரண உயர்வு எதுவும் இல்லை என்றும், பழைய கோட்பாடே போதும் என்றும் காட்டியது. பலரின் எதிர்பார்ப்பு பொய்த்தாலும் துறையின் நம்பகத்தன்மை உயர்ந்தது.

வரி ஆய்வில் அதுபோன்ற கூட்டுச் சோதனைக்குப் பெரிய தடையாக இருப்பது இரகசியம். 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள குழுமங்கள் நாடுவாரியாக இலாபம், வரி, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றை அரசுகளிடம் அறிக்கையாகத் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2015இல் உருவானது. இந்தியா 2016இல் அதைச் சட்டமாக்கியது. ஆனால் அந்த அறிக்கைகள் பொதுவெளிக்கு வருவதில்லை. ஆய்வாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொகுத்த எண்களே. ஒரே மாதிரியைப் பலரும் அளந்து பார்க்க வழியில்லாத துறையில் பிழை நீண்ட காலம் வாழும்.

ஒப்புமையின் எல்லை

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. வெப்பத்துக்கு வழக்கறிஞர் கிடையாது. வெப்ப இயக்கவியலின் விதியை நாடாளுமன்றம் முன்தேதியிட்டு மாற்ற முடியாது. வரியிலோ ஓட்டமும் விதியும் சேர்ந்தே மாறுகின்றன. ஆய்வின் முடிவைப் படித்துவிட்டு நிறுவனமும் அரசும் தம் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. எனவே பொறியியலின் துல்லியத்தை வரி ஆய்வில் எதிர்பார்ப்பது தவறு. எதிர்பார்க்கத் தக்கது செல்லுபடி எல்லையைச் சொல்வதும், பிழையின் அளவைச் சொல்வதும், கணக்கின் இரு பக்கங்களையும் காட்டுவதுமே.

இத்துறையின் சாதனைகளையும் குறைத்து மதிப்பிட முடியாது. 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட 15% குறைந்தபட்ச வரி, இத்தகைய ஆய்வுகள் இல்லாமல் விவாதத்துக்கே வந்திருக்காது. ஐக்கிய நாடுகள் அவை 2013இல் வெளியிட்ட பரிமாற்ற விலைக் கையேட்டில், குறைந்த செலவு, திறன்மிக்க உழைப்பு, பெரிய சந்தை போன்ற இடம் சார்ந்த சாதகங்களால் கிடைக்கும் இலாபத்தில் தனக்கும் பங்கு வேண்டும் என்று இந்தியா வாதிட்டது. துறைமுக நெருக்கமும் உதிரிபாக ஆலைகளும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் ஒருசேரக் கிடைக்கும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம் அந்த வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடர்பில்லாத இரு நிறுவனங்களின் விலையைத் தேடும் நெறியால் இந்தப் பங்கைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பது ஆய்வாளர்கள் மேலும் எடுத்துச்செல்ல வேண்டிய கேள்வி.

காலத்தின் விலை

நோக்கியா ஆலை வரிப் பிணக்கால் மட்டுமே மூடப்பட்டது என்று சொல்வது பாதி உண்மை. அங்கு பெருமளவில் தயாரான எளிய கைப்பேசிகளின் சந்தை அப்போது திறன்பேசிகளால் சுருங்கிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்டும் கொள்முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஆனால் சொத்து முடக்கம் இருந்ததால்தான் ஆலை விற்பனைக்குள் சேர முடியாமல் தனித்து நின்றது. வரி நியாயமாகக் கோரப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அதைத் தீர்க்க 5 ஆண்டுகள் ஆனதன் சுமை யார்மீது விழுந்தது என்பது வேறு கேள்வி. நிறுவனம் பணம் செலுத்தி வெளியேறியது. அரசுக்குக் கோரியதில் ஒரு பகுதி கிடைத்தது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வேலையை விட்ட இளம் தொழிலாளர்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

வெப்பப் பொறியாளர் நிலையான நிலையை மட்டும் பார்ப்பதில்லை. உலை ஒன்றைத் திடீரெனக் குளிர்வித்தால் சுவர் விரிசல் விடும் என்பதால், மாறும் நிலையையும் தனியே கணக்கிடுகிறார். வரி ஆய்வுகள் பெரும்பாலும் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் சட்ட நிச்சயமின்மை வேலைவாய்ப்பை என்ன செய்கிறது என்பதைக் குறைவாகவே பேசுகின்றன. சலுகை, வரையறை, தாமதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் இந்த வட்டாரத்தின் ஆலைகளைக் களமாகக் கொண்டு எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களில் பொருளியல், சட்டம், பொறியியல் துறைகள் ஒரே வளாகத்திலோ சில கிலோமீட்டர் தொலைவிலோ இருக்கின்றன. அத்தகைய ஆய்வுக்கான களமும் அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ளது.